மற்றவர் காரில் நம் குழந்தை: பெல்ட்டைப் பற்றிக் கேட்கத் தயங்கும் ஒரு தாய்க்கு

பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவருக்கு இரண்டு குழந்தைகள். மகளுக்கு ஏழு வயது, உயரம் 118 செ.மீ., எடை 21 கிலோ. மகனுக்கு நான்கு வயது, எடை 16 கிலோ. சொந்தக் காரில் மகனுக்குப் பட்டைகளுடன் கூடிய குழந்தை இருக்கையும், மகளுக்கு முதுகுச் சாய்வுள்ள பூஸ்டரும் (பெல்ட் பொருந்தும்படி குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை) இருக்கின்றன. அவற்றில் இருவரும் உட்காராமல் வண்டி கிளம்புவதே இல்லை. சிக்கல் மற்றவர் காரில்தான். வாரத்தில் மூன்று நாள் மகள் நீச்சல் வகுப்புக்குத் தோழியின் அப்பா ஓட்டும் காரில் போய் வருகிறாள். தூரம் நான்கு கிலோமீட்டர். "மாமா வண்டியில் பெல்ட் போட வேண்டாம் அம்மா, நாங்கள் நாலு பேர் பின்னால் உட்காருவோம்" என்று அவள் ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். "நீயே மாமாவிடம் கேள்" என்று தாய் சொல்லி அனுப்பியிருக்கிறார். மகள் ஒருமுறை கேட்டாள். பெல்ட் கழுத்தில் உரசியதால் அதை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். அதன் பிறகு கேட்கவே இல்லை.

இரண்டாவது சிக்கல் கணவரின் அண்ணன் காரில். குடும்பமாக வெளியே போகும்போது மகன் பாட்டியின் மடியில் உட்காருகிறான். இவர் தடுத்தபோது, "நாங்கள் எல்லாரும் இப்படித்தான் வளர்ந்தோம்" என்று பதில் வந்தது. கணவரும் இதைப் பெரிதாக்க வேண்டாம் என்றார். அன்று முதல் மகனைத் தம் மடியில் வைத்து, இருவருக்கும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போட்டுக்கொள்கிறார். முன் இருக்கையில் பெல்ட் நன்றாக இருப்பதால் மகனை அங்கே உட்கார வைக்கலாமா என்றும் யோசித்திருக்கிறார். தாம் அளவுக்கு மீறிப் பயப்படுகிறோமா, கழுத்தை உரசும் பெல்ட்டைப் போடுவதைவிடப் போடாமல் இருப்பதே மேல் அல்லவா, உறவும் நட்பும் கெடாமல் இதை எப்படிக் கேட்பது, சட்டப்படி யார் பொறுப்பு என்பவை அவருடைய கேள்விகள். மூன்று வகுப்பு நாள்களில் இரண்டில் தாமும் கணவரும் வேலையில் இருப்பதால், அந்தக் காரை விட்டால் வகுப்பையே விட வேண்டியிருக்கும் என்பதையும் குறிப்பிட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: உங்கள் பயம் அளவோடுதான் இருக்கிறது. உலகெங்கும் 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதன்மையான காரணம் சாலை விபத்துக் காயங்களே என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கைக்குழந்தைகளை உரிய இருக்கையில் பொருத்தி அழைத்துச் செல்வதால் மட்டுமே அவர்களின் விபத்து மரணங்களை 71 சதவீதம் வரை குறைக்க முடியும் என்பதும் அதே நிறுவனம் சொல்லும் கணக்குதான். விபத்தில் சிக்கிய குழந்தைகள் கொண்டுவரப்படும் அவசரப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றிய குழந்தைகள் நல மருத்துவன் என்ற முறையில், இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் முகங்களையும் நான் அறிவேன்.

ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது வேறொன்று என் கண்ணில் பட்டது. தோழியின் அப்பாவிடம் இதுவரை உங்கள் வீட்டிலிருந்து பேசியிருப்பது ஒரே ஒருவர்தான், அது ஏழு வயதுக் குழந்தை. கணவரின் அண்ணனிடம் ஒருமுறை பேச்சை எடுத்துவிட்டு நீங்களும் பின்வாங்கிவிட்டீர்கள். பெல்ட் எப்படிப் பொருந்த வேண்டும் என்பதை நான் சொல்லிவிடலாம். அந்தப் பேச்சை நீங்கள்தான் பேச வேண்டியிருக்கும். அதற்கு உதவும் வகையில்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நான்கு கிலோமீட்டர்தானே என்ற எண்ணம்

"ஊருக்குள் 40 கி.மீ. வேகத்துக்கு மேல் அவர் ஓட்டுவதில்லை, நிதானமானவர்" என்று தோழியின் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவர் நிதானமானவர் என்பதை நான் நம்புகிறேன். எதிரே வருபவரும் நிதானமானவராக இருப்பார் என்பதற்கு அவரால் உறுதி தர முடியாது. பயணம் எவ்வளவு நீளமானது என்பதற்கும் மோதல் எவ்வளவு வலுவாக இருக்கும் என்பதற்கும் தொடர்பில்லை. மோதும் கணத்தில் வண்டியின் வேகம் என்ன என்பதே கணக்கு. 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி திடீரென்று நின்றால், பெல்ட் போடாத குழந்தையின் உடல் அதே 40 கி.மீ. வேகத்தில் முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும். ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டு மாடி உயரத்திலிருந்து, விழுபவர் தரையைத் தொடும் வேகம் அது. 50 கி.மீ. என்றால் அந்த உயரம் 10 மீட்டரை நெருங்கிவிடும். இரண்டாவது மாடியின் கைப்பிடிச் சுவரில் உங்கள் மகள் ஏறி நின்றால், இரண்டு நிமிடம்தானே நிற்கப்போகிறாள் என்று நீங்கள் விட்டுவிட மாட்டீர்கள்.

பாட்டியின் மடிக்கு வருகிறேன். பேரனை இறுக அணைத்துக்கொண்டால் போதும் என்று அவர் நம்புவது அன்பினால்தான், அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். அதே 40 கி.மீ. வேகத்தில் போகும் கார், மோதி நசுங்கி 60 செ.மீ. தூரத்துக்குள் நின்றுவிடுவதாக வைத்துக்கொண்டால், உள்ளே இருப்பவர் ஒவ்வொருவரும் தம் எடையைப் போலப் பத்து மடங்குக்கும் அதிகமான விசையோடு முன்னால் தள்ளப்படுகிறார்கள். உங்கள் 16 கிலோ மகனைப் பிடித்து நிறுத்த, 160 கிலோவுக்கு மேற்பட்ட சுமையைத் தாங்கும் வலிமை பாட்டியின் கைகளுக்கு வேண்டும். அதுவும் சுமார் பத்தில் ஒரு நொடிக்குள். உடல்வலு மிக்க இளைஞர்களாலும் இது முடியாது. பாட்டியும் பெல்ட் போடவில்லை என்றால் அவரும் சேர்ந்து முன்னால் எறியப்படுவார். அவருக்கும் முன் இருக்கையின் முதுகுக்கும் நடுவில் குழந்தை அகப்பட்டுக்கொள்வான்.

இப்போது நீங்கள் செய்துவரும் மாற்று ஏற்பாடு. மகனை மடியில் வைத்து இருவருக்கும் ஒரே பெல்ட் போடுவது பாதுகாப்பானது என்று பல தாய்மார்கள் நம்புகிறார்கள். தயவுசெய்து இனி அப்படிச் செய்யாதீர்கள். மோதலின்போது பெல்ட் முன்பக்கம் இறுகிப் பிடிக்கும், உங்கள் உடல் பின்பக்கமிருந்து அழுத்தும், நடுவில் இருப்பது அவன் வயிறு. உங்கள் எடை 60 கிலோ என்றால், மேலே சொன்ன கணக்கில் 600 கிலோவுக்கு மேற்பட்ட விசை அவன்மேல் விழும். இரண்டு குழந்தைகளை ஒரே பெல்ட்டுக்குள் உட்கார வைப்பதும் தவறு. அவர்களின் தலைகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும்.

கழுத்தை உரசும் பெல்ட்

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விகளில் மிகவும் நுட்பமானது இதுதான். பெல்ட் கழுத்தில் உரசுகிறது என்று உங்கள் மகள் சொன்னது உண்மை. அவள் அடம்பிடிக்கவில்லை. அந்த பெல்ட் அவள் உடலுக்காகச் செய்யப்பட்டது அல்ல.

இன்று நாம் பயன்படுத்தும் மூன்று முனை சீட் பெல்ட்டை 1959-இல் வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்தார். அதற்கு முன்னால் அவர் போர் விமானங்களில் விமானியை வெளியே எறியும் இருக்கைகளை வடிவமைத்துக்கொண்டிருந்தவர். உடல் எந்த இடத்தில் எவ்வளவு விசையைத் தாங்கும் என்பதை அறிந்தவர். அவருடைய வடிவமைப்பின் அடிப்படை எளிமையானது: விசையை உடலின் வலுவான எலும்புகள் ஏற்க வேண்டும். குறுக்குப் பட்டை தோள் எலும்பிலும் மார்புக்கூட்டிலும் படிய வேண்டும், கீழ்ப்பட்டை இடுப்பு எலும்பில் படிய வேண்டும். வளர்ந்தவர்களுக்கு இது தானாகவே நடந்துவிடுகிறது.

ஏழு வயதுக் குழந்தைக்கு நடப்பதில்லை. பெல்ட்டைத் தடுத்து நிறுத்தும் இடுப்பு எலும்பின் முன்பக்க மேடு இந்த வயதில் முழுமையாக வளர்ந்திருக்காது. தொடை குட்டையாக இருப்பதால், முழங்கால் மடங்கும் இடம் இருக்கையின் விளிம்புக்கு எட்டாது. காலைத் தொங்கவிட வேண்டும் என்பதற்காகக் குழந்தை தன்னை அறியாமலேயே சரிந்து முன்னால் நகர்ந்து உட்காரும். உடனே கீழ்ப்பட்டை இடுப்பிலிருந்து நழுவி வயிற்றின் மேல் ஏறிவிடும். அந்த நிலையில் மோதல் நேர்ந்தால், எலும்பு ஏற்க வேண்டிய விசையைக் குடலும், கல்லீரலும், மண்ணீரலும் ஏற்கின்றன. உடல் பெல்ட்டின் மேல் கத்திரிக்கோல்போல மடங்குவதால் கீழ் முதுகெலும்பும் முறியலாம். விபத்துக்குப் பிறகு ஒரு குழந்தையின் வயிற்றில் குறுக்கே கன்றிய பட்டைத் தடம் தெரிந்தால், அந்தக் குழந்தை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும் நாங்கள் வீட்டுக்கு அனுப்புவதில்லை. குடலில் ஏற்பட்ட கிழிசல் பல மணி நேரம் கழித்தே, சில சமயம் மறுநாள்தான், வலியும் காய்ச்சலுமாக வெளிப்படும் என்பதே காரணம்.

உங்கள் மகள் செய்ததுபோலக் குறுக்குப் பட்டையை முதுகுக்குப் பின்னால் தள்ளினால், மேல் உடலைப் பிடிக்க எதுவும் இல்லாமல் போகிறது. தலை முன்னால் போய் எதிரே இருப்பதில் மோதும், வயிற்றுப் பட்டை மட்டுமே எல்லா விசையையும் வாங்கும். அக்குளுக்குக் கீழே விட்டால் மெல்லிய கீழ் விலா எலும்புகளும் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் உறுப்புகளும் அடிபடும். அப்படியானால் போடாமல் இருப்பதே மேல் அல்லவா என்று கேட்கிறீர்கள். நிச்சயமாக இல்லை. போடாத குழந்தைக்குத் தலைக்காயமும் வண்டிக்கு வெளியே எறியப்படும் ஆபத்தும் காத்திருக்கின்றன. அவளை உயரத்தில் உட்கார வைத்து, பெல்ட் எலும்பில் படியும்படி செய்வதே சரியான தீர்வு. பூஸ்டர் செய்யும் வேலை அவ்வளவுதான், ஆனால் விசையை ஏற்கப்போவது குடலா எலும்பா என்பதை அந்த ஒரு வேலைதான் தீர்மானிக்கிறது.

பூஸ்டர் இல்லாமல் உட்காரும் அளவுக்கு ஒரு குழந்தை வளர்ந்துவிட்டதா என்று பார்க்க, வயதைவிட உடல் பொருந்துவதையே பாருங்கள். முதுகு இருக்கையின் பின்புறத்தில் முழுதாகப் படிய வேண்டும். அந்த நிலையிலேயே முழங்கால் இருக்கை விளிம்பில் மடங்க வேண்டும். கீழ்ப்பட்டை தொடையின் மேற்பகுதியைத் தொட்டபடி இடுப்பில் படிய வேண்டும். குறுக்குப் பட்டை கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவே போக வேண்டும். பயணம் முடியும் வரை, தூங்கினாலும்கூட, இப்படியே இருக்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் 145 செ.மீ. உயரத்தை ஒட்டித்தான், எட்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடையில், இந்த நிலையை அடைகிறார்கள். ஒரே குழந்தை ஒரு காரில் இதில் தேறி இன்னொரு காரில் தேறாமல் போவதும் உண்டு, இருக்கையின் ஆழம் வண்டிக்கு வண்டி மாறுவதால். 118 செ.மீ. உயரமுள்ள உங்கள் மகளுக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன.

முதுகு இல்லாத, மெத்தை போன்ற பூஸ்டரைப் பையில் போட்டு அனுப்பலாமே என்று தோன்றும். 2017 முதல் ஐ.நா. விதிகளின்கீழ் புதிதாக ஒப்புதல் பெறும் அத்தகைய பூஸ்டர்கள் 125 செ.மீ. உயரத்தையும் 22 கிலோ எடையையும் தாண்டிய குழந்தைகளுக்கு மட்டுமே உரியவை. உங்கள் மகள் இரண்டையும் இன்னும் எட்டவில்லை. ஆகவே முதுகுச் சாய்வுள்ளதே அவளுக்கு நல்லது. பெல்ட்டைத் தோளில் சரியான இடத்தில் பிடித்து வைக்கும் வழிகாட்டி அதில் இருக்கும், தூங்கி விழும்போது தலையும் சாயாது. மடித்து எடுத்துச் செல்லக்கூடியவையும் கிடைக்கின்றன. தலையணையையோ மடித்த துணியையோ பூஸ்டருக்குப் பதிலாக வைக்க வேண்டாம், மோதலில் அவை வழுக்கிவிடும். பெல்ட்டைக் கழுத்திலிருந்து கீழே இழுத்துப் பிடிக்கும் கிளிப்புகளையும் நான் பரிந்துரைப்பதில்லை. தோள் பட்டையைக் கீழே இழுக்கும்போது அவை கீழ்ப்பட்டையை வயிற்றின் மேல் ஏற்றிவிடுகின்றன.

முன் இருக்கை, நான்காவது குழந்தை

மகனை முன்னால் உட்கார வைக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். பெரியவர்களின் மார்பைக் காக்கும் வேகத்தில் விரியும் ஏர்பேக், நான்கு வயதுக் குழந்தையின் முகத்திலும் கழுத்திலும் மோதும். 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பின் இருக்கையே ஏற்றது. பின்னோக்கிப் பார்க்கும் கைக்குழந்தை இருக்கையை, இயங்கும் ஏர்பேக்குக்கு முன்னால் ஒருபோதும் வைக்கக் கூடாது என்பதையும் கைக்குழந்தையோடு உங்கள் வீட்டுக்கு வருபவர்களிடம் சொல்லி வையுங்கள்.

மூன்று பெல்ட் உள்ள பின் இருக்கையில் நான்கு குழந்தைகள் உட்காருவதற்குப் பாதுகாப்பான வழி எதுவும் இல்லை. இதில் நான் எந்தச் சலுகையும் சொல்லப்போவதில்லை. பெல்ட் போடாத ஒருவர், பெல்ட் போட்டிருக்கும் மற்றவர்களின் மேல் போய் விழுவார் என்பதால், உங்கள் மகள் மட்டும் ஒழுங்காகப் பெல்ட் போட்டிருந்தாலும் அவளுக்கு ஆபத்து நீங்குவதில்லை. நடு இருக்கையில் இடுப்புப் பட்டை மட்டும் இருந்தால் அங்கே பூஸ்டர் வைக்கக் கூடாது. குறுக்குப் பட்டையும் இருக்கும் ஓர இருக்கையைக் கேளுங்கள்.

சட்டமும் பொறுப்பும்

சட்டம் என் துறை அல்ல, எனினும் பொதுவான போக்கைச் சொல்ல முடியும். பல நாடுகளில், வண்டியில் இருக்கும் குழந்தை பெல்ட் போட்டிருப்பதற்கு ஓட்டுபவரே பொறுப்பு. பிரிட்டனில் 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஓட்டுநர் பொறுப்பாகிறார். அங்கே 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை, உரிய குழந்தை இருக்கை வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அடிப்படை அளவு 150 செ.மீ., உறுப்பு நாடுகள் அதை 135 வரை குறைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 194பி பிரிவு, 14 வயது நிறையாத குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் செல்பவரை மட்டுமல்லாமல், அப்படி ஓட்ட அனுமதிப்பவரையும் தண்டனைக்கு உள்ளாக்குகிறது. 118 செ.மீ. என்பது இந்த அளவுகள் எல்லாவற்றுக்கும் கீழே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

வாடகைக் கார்களுக்குச் சில நாடுகளில் விலக்கு உண்டு. அந்த விலக்கு அபராதத்திலிருந்துதான் காக்கும். ஓட்டுபவர் பொறுப்பு என்று சட்டம் சொல்வதால் நம் பொறுப்பு அவர் கைக்கு மாறிவிட்டதாகவும் கருதிவிட வேண்டாம். யாருடைய வண்டியில், எந்த நிலையில் என் குழந்தை ஏறலாம் என்று முடிவு செய்யும் உரிமை பெற்றோராகிய உங்களுக்கு எப்போதும் இருக்கிறது. அதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட இல்லை.

தோழியின் அப்பாவிடம் பேசுவது

மகளை அந்தக் காரில் அனுப்புவதை உடனே நிறுத்திவிடுவது ஒரு வழி. அது தவறில்லை, ஆனால் அவள் வகுப்பை இழப்பாள், மற்ற மூன்று குழந்தைகளின் நிலை அப்படியே இருக்கும். எதுவும் சொல்லாமல் பூஸ்டரை மட்டும் கொடுத்தனுப்புவது இன்னொரு வழி. நான்கு பேர் நெருக்கி உட்காரும் இருக்கையில் அது ஐந்தே நிமிடத்தில் டிக்கிக்குப் போய்விடும். நான் பரிந்துரைப்பது மூன்றாவதை: நான்கு வீட்டுப் பெரியவர்களும் பேசி, குழந்தைகளை இரண்டு வண்டிகளாகப் பிரித்துக்கொள்வது. வேலை இல்லாத ஒரு நாளை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், மற்ற இரண்டு நாள்களில் இன்னொரு வீட்டார் கைகொடுக்க முடியுமா என்று கேளுங்கள். அந்த வீடுகளிலும் ஒரு தாயோ தந்தையோ உங்களைப் போலவே வாய் திறக்கத் தயங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு மிகுதி.

அவர் உங்களுக்குச் செய்வது உதவி, அதில் குறை காண்பதுபோல ஆகிவிடுமே என்பது உங்கள் கவலை. நேரில் பேசக் கூச்சமாக இருந்தால் இப்படி எழுதி அனுப்புங்கள்: "அண்ணா, இத்தனை நாளாக மகளைக் கூட்டிக்கொண்டு போய் வருவதற்கு மிகவும் நன்றி. பெரியவர்களுக்கான பெல்ட் அவளுக்கு இன்னும் பொருந்தவில்லை, கழுத்தில் ஏறுகிறது. பூஸ்டரில் உட்கார வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாளை வந்து உங்கள் வண்டியில் நானே பொருத்திக் காட்டட்டுமா? பின்னால் மூன்று பேருக்குத்தான் பெல்ட் இருக்கும், அதனால் வாரத்தில் ஒருநாள் குழந்தைகளில் இரண்டு பேரை நான் அழைத்துப் போகிறேன். மற்ற நாள்களுக்கு என்ன செய்யலாம் என்று எல்லாரும் சேர்ந்து யோசிக்கலாமா?" டாக்டர் என்ற இடத்தில் என்னைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழி என்மேல் வரட்டும், குழந்தைகள் நல மருத்துவர்கள் இதற்குப் பழகியவர்கள்தான்.

பொருத்திக் காட்டுவதை விட்டுவிடாதீர்கள். பூஸ்டர் வைத்த பிறகு பக்கிள் அதன் அடியில் மறைந்துபோகிறதா, பக்கத்தில் இருப்பவருக்கு இடம் இருக்கிறதா என்பவை நேரில் பார்த்தால்தான் தெரியும். ஏழு வயதுக் குழந்தையால் பக்கிளைப் பூட்ட முடியும். பட்டை முறுக்கிக்கொண்டிருக்கிறதா, வயிற்றில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது பெரியவர் வேலை. கிளம்புவதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பார்க்கும்படி அவரிடம் கேளுங்கள். இவ்வளவு சொன்ன பிறகும் அவர் மறுத்தால், அந்த இரண்டு நாள் வகுப்பை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அடுத்த பருவத்தில் வேறு நேரத்தில் நீச்சல் கற்றுக்கொள்ளலாம்.

வீட்டாரிடம் பேசுவது

இந்தப் பகுதியை உங்கள் கணவரிடம் படிக்கக் கொடுங்கள். ஐயா, உங்கள் அண்ணனிடமும் அம்மாவிடமும் பேச வேண்டியவர் நீங்கள். உங்கள் மனைவி பேசினால் அது மருமகளின் குற்றச்சாட்டாகக் கேட்கும், நீங்கள் பேசினால் பிள்ளையின் அக்கறையாகக் கேட்கும். "நாங்கள் எல்லாரும் இப்படித்தான் வளர்ந்தோம்" என்று அவர்கள் சொல்வது பொய் அல்ல. அவர்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் பல கார்களின் பின் இருக்கையில் பெல்ட்டே கிடையாது. பெல்ட் இருந்து அதை வேண்டாம் என்று அவர்கள் மறுத்துவிடவில்லை. அன்று தம் பெற்றோருக்கு இல்லாத வசதி இன்று தம் பேரனுக்கு இருக்கிறது என்று அம்மாவிடம் எடுத்துச் சொல்லுங்கள். பேரனுக்குப் பக்கத்து இருக்கை பாட்டிக்குத்தான் என்று ஒதுக்கிவிடுங்கள். மடியில் இல்லாவிட்டாலும் கையைப் பிடித்துக்கொண்டு கதை சொல்லலாம்.

மகனின் இருக்கையை அண்ணன் காருக்கு மாற்றுவதற்கு முன், அந்த வண்டியில் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் (குழந்தை இருக்கையை நேரடியாகக் காரில் பூட்டுவதற்கானவை) இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், உங்கள் இருக்கை சீட் பெல்ட்டால் பொருத்தவும் ஒப்புதல் பெற்றதா என்று அதன் கையேட்டில் தேடுங்கள், எல்லா இருக்கைகளும் அப்படிப் பெற்றவை அல்ல. பொருத்திய பிறகு பெல்ட் செல்லும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள், இரண்டரை செ.மீ.க்கு மேல் அசையக் கூடாது. இருக்கையின் மேற்பகுதியைக் காரோடு இணைக்கும் மேல் பட்டை உள்ள இருக்கை என்றால் அதையும் மாட்ட வேண்டும். மகனின் தோள்பட்டைகளைக் காறை எலும்பின் மேல் விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும். குடும்பம் முழுவதும் ஒரே காரில் பெல்ட்டோடு உட்கார இடம் இல்லையென்றால், அன்று இரண்டு வண்டிகளில் போங்கள்.

மகளிடம்

அவளுக்குச் சொல்லித்தர வேண்டியவை கொஞ்சம்தான். பட்டை தோளிலும் இடுப்பிலும் இருக்க வேண்டும், வயிற்றிலும் கழுத்திலும் இருக்கக் கூடாது. உறுத்தினால் பின்னால் தள்ளாமல் பெரியவரிடம் சொல்ல வேண்டும். காலியாக இருக்கும் பக்கத்து பெல்ட்டை இழுத்துக் கழுத்தில் சுற்றி விளையாடக் கூடாது. சில பெல்ட்டுகள் முழுதாக இழுத்துவிட்டால் அதன் பிறகு தளராமல் உள்நோக்கி மட்டுமே இறுகும். உங்கள் காரில் பழகிய வழக்கம் அவளுக்கு ஏற்கெனவே இருப்பதால், இதை அவள் எளிதாகப் பிடித்துக்கொள்வாள். எப்போதாவது எதிர்பாராமல் பூஸ்டர் இல்லாத காரில் ஏற நேர்ந்தால், பின் இருக்கையின் ஓரத்தில், முதுகை நன்றாகச் சாய்த்து நிமிர்ந்து உட்கார்ந்து, கீழ்ப்பட்டையை முடிந்தவரை இடுப்பில் தாழ்த்திப் போட்டுக்கொள்ளட்டும்.

"நீயே மாமாவிடம் கேள்" என்று நீங்கள் சொன்னதில் கோபமோ அலட்சியமோ இல்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் ஏழு வயதில், தனக்கு உதவி செய்யும் ஒரு பெரியவரிடம், தோழிகளின் முன்னால், அவர் செய்வது சரியில்லை என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். அதை அவள் ஒருமுறை செய்தும் இருக்கிறாள். தோழியின் அப்பாவுக்குச் செய்தி அனுப்பிய பிறகு, இன்று இரவே அவளிடம் சொல்லிவிடுங்கள்: அம்மா பேசிவிட்டேன், இனி நீ கேட்க வேண்டியதில்லை என்று.